ரத்தம் கொடுக்க வந்தவர்கள்

பூஞ்சேரி
மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

கன்னியம்மா எழுதுகிறேன். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது, மாமா வேளைக்குச் சாப்பிடுகிறாரா என்றெல்லாம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்.

நேற்று நீயும் மாமாவும் வந்து போனீர்கள். வீடு நிறைய ஆள். உன்னோடு தனியாக இரண்டு வார்த்தை பேச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. போனில் பேசலாம் என்றால் உங்கள் வீட்டில் இருக்கும் ஒரே போனை மாமா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் உன் அங்கன்வாடி முகவரிக்கு எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நீங்கள் கிளம்பிய பிறகு ராணுவத்திலிருந்து வந்திருந்த சுபேதார் லக்ஷ்மிநாராயணன் என்னையும் எங்கள் வீட்டுக்காரரையும் கிணற்றடிக்குக் கூட்டிப் போய் முழு விவரமும் சொன்னார். எல்லையில் சரவணன் காவல் இருந்த சாவடியில் குண்டு விழுந்து தீப்பிடித்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் நான்கு பேர். கிடைத்தது மூன்று உடல்கள். இரண்டு பேரை அடையாளம் கண்டு அவரவர் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது உடலை முகத்தை வைத்தோ உடுப்பை வைத்தோ சொல்ல முடியவில்லையாம். நம் சரவணனாக இருக்கலாம். இல்லையென்றால் அவனோடு இருந்த ஒடிசாக்காரப் பையன் பிஸ்வஜித். இரண்டில் ஒருவன் அங்கே பெட்டியில் இருக்கிறான். இன்னொருவனைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"பெத்த தாயோட ரத்தம் வேணும்மா. அத வெச்சுத்தான் டெஸ்ட்டு. ரெண்டு வாரத்துல செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க" என்றார்.

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வேன்?

அக்கா, பெற்றவள் நீ. சரவணனைச் சுமந்தது உன் வயிறு. இருபத்து மூன்று வருடத்தில் இதை நான் வாயால் சொன்னதில்லை, இப்போதுதான் எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்காரர் சொல்கிறார், "நாமளே குடுத்துருவோம் கன்னி. அவங்களுக்கு இன்னா தெரியப் போவுது?" தெரிந்துகொள்ளத்தானே எடுக்கிறார்கள் என்றேன்.

நீ வர வேண்டும். மாமாவுக்குத் தெரியாமல் வர வழி இருக்கிறதா என்று யோசி. உடனே எழுது.

உன் தங்கை
கன்னியம்மா


அச்சரப்பாக்கம்
மார்ச் 25

அன்புள்ள கன்னிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீயும் மணியும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு முட்டி வலி இருக்கத்தான் இருக்கிறது. இந்த மாதம் அங்கன்வாடியில் எடை போடும் வேலை. முப்பத்தொரு குழந்தைகளையும் நானேதான் தூக்கித் தராசில் வைக்க வேண்டும்.

சின்னவள் காயத்ரி கல்யாணத்துக்கு ஆவணியில் தேதி பார்த்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மாதிரி. இந்தத் துக்கத்தில் தள்ளிப்போடலாமா என்று கேட்டு அனுப்பினார்கள். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

உன் மாமா ஒரு வாரமாக லோடு எடுக்கவில்லை. லாரியில் ஏறி ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால், "தோ வரேன்" என்கிறார். வருவதில்லை.

ரத்தம் நீயே கொடுத்துவிடு. அவனுக்குப் புட்டிப்பால் கொடுத்தது யார், அம்மை போட்டபோது இருபது நாள் வேப்பிலையோடு பக்கத்தில் படுத்தது யார்? ஊரும் உலகமும் உன்னைத்தான் தாய் என்கிறது. ரத்தம் மட்டும் வேறு மாதிரி சொல்லிவிடுமா?

இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

ஜெகதாம்பாள்


பூஞ்சேரி
ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே உன் உடம்பும் மாமா உடம்பும் தேவலையா?

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். ஒன்றாம் தேதி போனோம். சுபேதார்தான் வாசலில் நின்று கூட்டிப் போனார். பாவம், நல்ல மனிதர். மதுராந்தகம் பக்கத்துக்காரர். என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு படிவத்தை நிரப்பினார். பெயர், வயது, விலாசம் எல்லாம் எழுதிவிட்டு, தலையைத் தூக்காமலே, "பெத்த தாய்தானேம்மா?" என்றார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். எங்கள் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து, "ஆமா சார்" என்றார். பிறகு நானும், "ஆமா சார்" என்றேன். கையெழுத்துப் போட்டேன். எங்கள் வீட்டுக்காரர் கையிலும் என் கையிலும் ஊசி போட்டு எடுத்தார்கள்.

முடிவு வர ஒரு மாதம் ஆகுமாம்.

இங்கே ஈ.சி.ஆர். சாலை முழுக்கச் சரவணன் படம் போட்ட பேனர். உடுப்பில் நிற்கும் அந்தப் படத்தை எங்கிருந்து எடுத்தார்களோ. பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன். ஓட்டல் லாண்டரியில் என்னைத் துவைக்க விடுவதில்லை, துணி மடித்தால் போதும் என்கிறார்கள். ஒருநாள் ஒரு பத்திரிகைக்காரப் பையன் வந்தான். குடும்பப் பின்னணி வேண்டுமாம். "உங்க குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாராவது மிலிட்டரில இருந்தாங்களா? இந்த உயரம் யாரு மாதிரி?" என்று கேட்டான். நான் யோசிக்காமல், "அவங்க பெரியப்பா மாதிரி" என்றேன். அவன் எழுதிக்கொண்டான். பிறகு பேனாவை நிறுத்தி, "பெரியப்பான்னா அப்பாவோட அண்ணனா?" என்றான். "இல்ல, எங்க அக்கா வூட்டுக்காரரு" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்துவிட்டான்.

பதில் எழுது, அக்கா. திட்டியாவது எழுது.

கன்னியம்மா


பூஞ்சேரி
மே 6

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

முடிவு வந்துவிட்டது. என் ரத்தமும் சேரவில்லை, அவர் ரத்தமும் சேரவில்லை. பெட்டியில் இருப்பது சரவணன் இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

உனக்கு ஒரு விஷயம் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பாய். ஏன் சேரவில்லை என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் சுபேதார், "உங்க புள்ள அது இல்லம்மா, காணாம போனவங்க லிஸ்ட்டுல வெச்சிருக்கோம்" என்று சொன்னதும் எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மூன்று நாள் நன்றாகச் சாப்பிட்டேன். அவன் உயிரோடு எங்கோ நடந்து வந்துகொண்டிருக்கிறான் என்று முழுசாக நம்பினேன். அவனுக்குப் பிடிக்குமே என்று நெத்திலி வாங்கி வந்து காயவைத்தேன். எங்கள் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு மொட்டைமாடியில் போய்த் தலையில் அடித்துக்கொண்டார்.

நான்காம் நாள் வேறு பேச்சு கிளம்பியது. உடல் அவனுடையது இல்லை என்றால் ஆள் எங்கே? லாண்டரியில் என் காதுபடவே ஒருத்தி, "சண்ட நடக்கும்போது ஓடிட்டானாம்" என்றாள். பேனர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள்.

அந்தப் பெட்டியை ஒடிசாவுக்கு அனுப்பப் போகிறார்கள். பிஸ்வஜித்துக்குத் தாய் தகப்பன் கிடையாது, கூடப் பிறந்தவர்களும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ரத்த சொந்தம் ஒருவரும் இல்லை. சரவணன் இல்லை என்றால் மிச்சம் அவன்தானே என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மார்ச்சில் உன்னை வரச்சொல்லி எழுதினேன் இல்லையா? இப்போது சொல்கிறேன், வராதே. நீ வந்து ரத்தம் கொடுத்தால் அவன் செத்துப்போவான். கொடுக்காதவரை காணாமல் போனவன்தான். ஊர் ஓடிப்போனவன் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். ஓடிப்போனவன் திரும்பி வருவான்.

கன்னியம்மா


அச்சரப்பாக்கம்
மே 16

அன்புள்ள கன்னிக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உன் உடம்பு எப்படி? வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்காராதே.

உன் கடிதங்களை அடுப்பில் போடவில்லை. அங்கன்வாடிப் பதிவேட்டுக்குள் வைத்திருக்கிறேன். எழுதக்கூடாது என்று சொன்னவள் நான்தான். ஆனால் தபால்காரர் வரும் நேரம் வாசலுக்குப் போய் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

இங்கேயும் அந்தப் பேச்சு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் ஒருவன், "ஒங்க தம்பி மவன் துப்பாக்கிய போட்டுட்டு ஓடிட்டானாமே" என்று கேட்டிருக்கிறான். அது தம்பி மகனும் இல்லை, கேட்டவனுக்கு உறவுமுறைகூடத் தெரியவில்லை. உன் மாமா அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். நாலு பேர் விலக்கிவிட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, பொத்தான் அறுந்து கையோடு வந்ததை என் முன்னால் போட்டு, "அவன் ஓடுறவனா? நீ சொல்லு ஜெகதா, அவன் ஓடுற புள்ளையா?" என்றார். நான் என்ன சொல்வேன்? பெட்டியில் இருப்பவன் அவன்தான் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

கன்னி, உனக்கு நான் சொல்லாதது ஒன்று உண்டு. பிள்ளை இல்லையென்று நீ அரளிவிதையை அரைத்துக் குடித்துப் பிழைத்து வந்த சமயம். மணிக்கு இரண்டாம் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மூன்றாம் மாதம். பிறப்பதை உனக்குக் கொடுத்துவிடலாமா என்று உன் மாமாவைக் கேட்டேன். "பொண்ணா பொறந்தா பாக்கலாம். பையனா இருந்தா தரமாட்டேன்" என்றார். ஏற்கெனவே இரண்டும் பெண். அவர் ஆசை அது. அதற்குப் பிறகுதான் நீயும் உண்டாகியிருப்பதாகச் சொல்லி அவரை நம்பவைத்தேன். இதுவும் பெண்ணாகத்தான் பிறக்கும், அவரிடம் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பையன் பிறந்தான். ஆஸ்பத்திரியில் உன் பெயரில் படுத்திருந்தேன். நீ பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றாய். நான் கொடுத்துவிட்டேன்.

அவர் லோடு இறக்கிவிட்டு நாக்பூரிலிருந்து பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். செத்தே பிறந்தது என்றேன். எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டார். அதற்கு நான் பதில் தயார் செய்து வைத்திருக்கவில்லை. ஏரிக்கரையில் வாயில் வந்த ஒரு இடத்தைச் சொன்னேன். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, கன்னி. இன்றுவரை வருடம் தவறாமல் அங்கே போய்ப் பால் ஊற்றிவிட்டு வருகிறார்.

இருபத்து மூன்று வருடம் அவர் ஏரிக்கரைக்குக் கிளம்பும்போதெல்லாம் நான் சொம்பில் பால் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

நான் வரவா வேண்டாமா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

ஜெகதாம்பாள்


பூஞ்சேரி
மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எங்கள் வீட்டுக்காரரிடமும் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு வேனை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். நீ அவ்வளவு நாள் சுமந்ததை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்று இருக்கிறது. காயத்ரி எப்படி இருக்கிறாள்?

நேற்று பகல் ஒரு போன் வந்தது. வடக்கத்தி நம்பர். ஒரு பெண் குரல், இந்தியில் பேசியது. எங்கள் வீட்டுக்காரருக்கு டூரிஸ்ட்டுகளை ஏற்றி இறக்கிக் கொஞ்சம் இந்தி வரும் அல்லவா, அவரிடம் கொடுத்தேன். அது பிஸ்வஜித்தின் மனைவி. பெயர் சுஷ்மிதா. கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகிறதாம். எங்கள் நம்பரை ராணுவ ஆபீஸில் கேட்டு வாங்கினாளாம்.

அவர் ஒவ்வொரு வாக்கியமாக எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். "பெட்டிய வாங்கிக்கன்னு கையெழுத்து கேக்குறாங்களாம். போட மாட்டேன்னு சொல்லிட்டாளாம்."

"ஏனாம்?"

"இது ஒன் புருஷன்தான்னு யாரும் சொல்லலியாம். மிச்சம் இவன்தான்னுதான் சொல்றாங்களாம். அவ கையெழுத்து போட்டா அவன தேடுறத நிறுத்திடுவாங்களாம்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனைக் கையால் மூடிக்கொண்டு, "ஒங்க புள்ளையையும் காணோம், நீங்களும் தேடச்சொல்லி எழுதுங்க, ரெண்டு பேரும் சேந்து கேட்டா விடமாட்டாங்கன்னு சொல்றா கன்னி. நான் இன்னா சொல்ல?" என்றார்.

நான் போனை வாங்கி இணைப்பைத் துண்டித்துவிட்டேன். அப்புறம் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் இருபது வரை அவளுக்குத் தவணை கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடாவிட்டாலும் அதற்குமேல் பெட்டியை வைத்திருக்க மாட்டார்களாம்.

அவள் புருஷன் எங்கோ பனியில் கிடக்கிறானோ, எந்த ஊர்ச் சிறையில் இருக்கிறானோ. அவனைத் தேடாமல் விட்டால் அதற்குக் காரணம் நான். நம் பிள்ளைக்கு முன்பின் தெரியாத ஊரில் கொள்ளி வைத்தால் அதற்கும் காரணம் நான். இது தெரிந்தும் உன்னை வா என்று எழுத என் கை போகவில்லை. வராதே என்றும் இனி எழுத மாட்டேன்.

கன்னியம்மா


அச்சரப்பாக்கம்
ஜூன் 5

கன்னிக்கு,

நலம். சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் காயத்ரி தையல் வகுப்புக்குப் போயிருந்தாள். அவர் லாரியின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அந்த மூணாவது ஒடம்பு நம்ம சரவணன்தான்" என்றேன்.

"கன்னி ரத்தம் சேரலன்னு சொல்லிட்டாங்களே. அப்பறம் இன்னா?"

"கன்னி ரத்தம் சேராது."

அவர் நிமிரவில்லை. ஸ்பேனர் மட்டும் நின்றது. தெருவில் பால்காரன் வண்டி போனது.

"ஏரிக்கரைல இன்னா கீது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல."

"மணிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவனுக்கு?"

"தெரியாது. கடைசி வரிக்கும் தெரியாது."

அவ்வளவுதான் கேட்டார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. சக்கரத்தைத் திரும்ப மாட்டினார். எல்லா போல்ட்டையும் நிதானமாக முடுக்கினார். கையைத் துடைத்துக்கொண்டு ஏறி, ஓட்டிக்கொண்டு போய்விட்டார். போனை வீட்டிலேயே விட்டுவிட்டார். இன்றோடு நான்கு நாள். காயத்ரி, "அப்பா எங்கம்மா, அப்பா எங்கம்மா" என்கிறாள். லோடுக்குப் போயிருக்கிறார் என்று அவளிடமும் ஒரு பொய்.

ஒன்பதாம் தேதி பஸ் பிடித்துச் செங்கல்பட்டு வருகிறேன். சுபேதாரிடம் நீ பேசிவை. நான் சொல்வதைவிட நீ சொல்வதுதான் முறை.

ஜெகதாம்பாள்


பூஞ்சேரி
ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? ஊசி போட்ட கை வீங்கியிருந்ததே, வற்றிவிட்டதா?

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நீ பஸ் ஏறும்வரை பேசவில்லை. பேசியிருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன். சுபேதாரிடம் நான் சொன்னபோது அவர் என்னைத் திட்டுவார், போலீஸைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். பழைய படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "பொறப்பு சர்டிபிகேட் வெவகாரமெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். பிரமாணப் பத்திரம் குடுக்க வேண்டியிருக்கும். மொதல்ல பையன வூட்டுக்குக் கொண்டாரலாம்" என்றார்.

இப்போது எழுதுவது உனக்குத் தெரியாதது. மறுநாள் காலை சுபேதார் போன் செய்து, உடனே வாங்க என்றார். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் போனார். அங்கே மாமா நின்றுகொண்டிருந்தாராம். அழுக்குச் சட்டை, ஒரு வாரத் தாடி. ஆஸ்பத்திரி வாசலிலேயே லாரியை நிறுத்திவைத்திருந்தாராம்.

அவரைப் பார்த்து எங்கள் வீட்டுக்காரர், "அண்ணாத்த" என்று கூப்பிட்டாராம். மாமா திரும்பவில்லை. நேராக நர்ஸிடம் போய் முழுக்கையைச் சுருட்டி, கையை மேசைமேல் வைத்தாராம்.

"நீங்க யாருங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"அப்பன்."

நர்ஸ் பேப்பரைப் பார்க்கிறாள். அதில் தகப்பன் பெயர் மணி என்று இருக்கிறது. சுபேதார் எங்கள் வீட்டுக்காரரைப் பார்க்கிறார். அந்த இடத்தில் அவர் மட்டும் சும்மா இருந்திருந்தால் மாமா என்ன ஆகியிருப்பாரோ. எங்கள் வீட்டுக்காரர், "ஆமா சார், அவருதான் அப்பா. எடுத்துக்குங்க" என்றாராம்.

வீட்டுக்கு வந்துதான் இதை என்னிடம் சொன்னார். "இருவத்திமூணு வருஷம் நான்தான்டி அப்பன். ஒரு நிமிஷத்துல குடுத்துட்டு வந்துட்டேன்" என்றார். நான் அவருக்குச் சோறு போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சுஷ்மிதாவுக்கு நாங்களே போன் செய்தோம். கையெழுத்துப் போடாதே என்று மட்டும் சொன்னோம். ஏன் என்று கேட்டாள். இன்னும் ஒரு ரத்தம் பாக்கி இருக்கிறது என்றோம்.

கன்னியம்மா


அச்சரப்பாக்கம்
ஜூலை 11

அன்புள்ள கன்னிக்கு,

நானும் காயத்ரியும் நலம். உனக்கும் மணிக்கும் இப்போது காய்ச்சல் விட்டுவிட்டதா? சுடுகாட்டு மழையில் நின்றதால் வந்தது. கஞ்சியாவது குடியுங்கள்.

ரத்தம் சேர்ந்துவிட்டது என்று நீ போனில் சொன்னபோது நான் அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். மீதி முட்டைகளையும் உரித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும்வரை பெட்டியைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதுவும் நல்லதுதான். கொடியை மடித்து உன் கையில் கொடுத்தார்கள். நான் உறவுக்காரப் பெண்களோடு பின்னால் இருந்தேன், என் இடம் அதுதான். நீதான் எழுந்து வந்து கையைப் பிடித்து இழுத்துப் போய் முதல் வரிசையில் உன் பக்கத்தில் உட்கார வைத்தாய். "பெரிம்மான்னா உசுரு அவனுக்கு" என்று யாரோ சொன்னார்கள். கொடியின் ஒரு முனையை நீ என் மடியில் போட்டாய். அது போதும் கன்னி. இதற்குமேல் எனக்கு எதுவும் வேண்டாம்.

மணிதான் கொள்ளி வைத்தார். உன் மாமா சாலையில் லாரிக்குப் பக்கத்திலேயே நின்றார். உள்ளே வரவில்லை. ராணுவ மரியாதை வேட்டு முழங்கியபோது மட்டும் செருப்பைக் கழற்றியதைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்துவிட்டார். லோடு எடுக்கிறார். என்னோடு பேசுவதில்லை. காயத்ரி போட்டால் சாப்பிடுகிறார், நான் போட்டால் தட்டு அப்படியே இருக்கிறது. படுப்பது லாரியில். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனி மாதம் ஏரிக்கரைக்குப் போகும் நாள் வந்தது. அவர் போகவில்லை. நானும் பால் எடுத்து வைக்கவில்லை.

சம்பந்தி வீட்டார் துக்கத்துக்கு வந்தார்கள் அல்லவா. கல்யாணத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். உண்மையை அவர்களிடம் சொல்ல வேண்டுமா என்று காயத்ரி கேட்கிறாள். அவளுக்கு இப்போது எல்லாம் தெரியும். உன் மாமாவே அவளிடம் சொல்லியிருக்கிறார்.

பிஸ்வஜித்தை மறுபடி தேடத் தொடங்கிவிட்டார்களா? எழுது.

ஜெகதாம்பாள்


அச்சரப்பாக்கம்
ஜூலை 24

கன்னியம்மாவுக்கு,

உன் மாமா ராஜாராம் எழுதுவது. நீயும் மணியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் கடிதம் எழுதி முப்பது வருடம் இருக்கும். படித்தது எட்டாவது. தப்பு இருந்தால் பார்க்காதே. விலாசத்தைக் காயத்ரியிடம் வாங்கினேன், உன் அக்காவுக்குத் தெரியாது.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். நிறைய இருக்கிறது. உன் அக்காமேல் அதைவிட இருக்கிறது. ஆனால் அதற்காக எழுதவில்லை. மணியிடம் சொல். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவன் சொன்ன வார்த்தையை நான் மறக்க மாட்டேன். கொள்ளி அவன் வைத்ததுதான் சரி. வளர்த்தவன் வைக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவன் ராணுவத்தில் சேரப் போகிறேன் என்றான். நீ விடவில்லை. சர்டிபிகேட்டை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாய். அவன் பஸ் ஏறி என்னிடம் வந்தான். "பெரிப்பா, நீ சொன்னா அம்மா கேக்கும். ஒரு தபா வந்து பேசு" என்றான். நான் வந்தேன். உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் பேசியது உனக்கு ஞாபகம் இருக்கும். "ஒரே புள்ள ஒரே புள்ளன்னு மடியிலயே வெச்சினு இருந்தா அவன் எப்ப மனுசனாவுறது? இன்னா ஆயிடப் போவுது? சாவிய குடு" என்றேன். நீ எடுத்துக் கொடுத்தாய். ஆள் எடுக்கும் மைதானத்துக்கு என் லாரியிலேயே கூட்டிப் போனேன். அவன் ஓடி முதலில் வந்தபோது எல்லாருக்கும் ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன்.

அன்றைக்கு அவ்வளவு தைரியமாகப் பேசினேனே, ஏன் தெரியுமா? அவன் உன் பிள்ளை. என் பிள்ளை இல்லை. அதனால் பேசினேன். எனக்கு ஒரு மகன் இருந்து அவன் வந்து கேட்டிருந்தால் நான் அனுப்பியிருக்க மாட்டேன். கதவைப் பூட்டி உள்ளே வைத்திருப்பேன். அடுத்தவள் பிள்ளை என்பதால் போ என்றேன்.

இதை உன்னிடம் ஒப்புக்கொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ என்னை எது வேண்டுமானாலும் சொல்லலாம்.

ராஜாராம்


பூஞ்சேரி
ஜூலை 30

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

கன்னியம்மா வணங்கி எழுதுவது. உங்களுக்குச் சர்க்கரை மாத்திரை ஒழுங்காகப் போகிறதா? எங்கள் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, இன்று வேன் எடுத்தார். சுஷ்மிதா ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறாள். தேடுகிறார்களாம். இன்னும் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை நான்கு நாளாக வைத்திருக்கிறேன். இதை எழுதலாமா கூடாதா என்றுதான் இவ்வளவு நாளும். நானும் அக்காவும் உங்களிடம் மறைத்தது போதும், அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் வந்து சாவியைக் கேட்ட அன்று கூடத்தில் எங்கள் வீட்டுக்காரரும் இருந்தார். நீங்கள் பார்க்காதபோது, வேண்டாம் என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கும் கொடுக்க மனசில்லை. அதற்கு முன்னால் அவன் பள்ளிக்கூட வாத்தியார் வந்து பேசினார், கவுன்சிலர் வந்து பேசினார், சரவணன் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். நான் அசையவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுக்கவில்லை.

நீங்கள் கேட்டதும் எடுத்துக் கொடுத்தேன். ஏனென்றால் எனக்குத் தெரியும். பெற்றவர் வந்து கேட்கிறார், அவருக்கு இல்லாத உரிமை எனக்கு ஏது என்று நினைத்தேன். அவரிடமிருந்து எடுத்ததற்கு இதையாவது கொடுத்துவிடுவோம் என்று நினைத்தேன். கேட்டவர் வேறு யாராக இருந்தாலும், மாமா, நான் சாவியைக் கொடுத்திருக்க மாட்டேன்.

நீங்கள் தெரியாமல் கேட்டீர்கள். நான் தெரிந்து கொடுத்தேன். பிள்ளை போய்விட்டான். இதில் யார் யாரைத் திட்டுவது?

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் அவனுக்குப் படைக்கிறோம். வெளி ஆள் யாரும் கிடையாது, நாம் மட்டும்தான். நீங்கள் வர வேண்டும். சாலையில் நிற்க வேண்டாம், வீட்டுக்குள் வாருங்கள். அக்காவைப் பஸ்ஸில் அனுப்பாதீர்கள். உங்கள் லாரியிலேயே, முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வழியில் ஒன்றும் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் மைத்துனி
கன்னியம்மா